மீனின் அளவும் தூண்டிற்காரன் மனமும்

தூண்டிற்கோலைத் தோளிற் சாய்த்துக்கொண்டு மாலைப் பொழுதிலே வீடு திரும்புகின்ற ஒருவனை வழியிற் காண்போர் கேட்கும் முதற் கேள்வி, "மீன் அகப்பட்டதா?" என்பதாகும். ஆம் என்று அவன் தலையசைத்தால், அடுத்து வருவது, "எவ்வளவு பெரிது?" என்னும் கேள்வி. என்ன இனம், எந்த நீர், எந்த இரை, எவ்வளவு நேரம் போராடியது என்றெல்லாம் கேட்பார் மிகச் சிலரே. அவனும் வாயாற் சொல்லாமல் இரு கைகளையும் அகல விரித்துக் காட்டுகிறான். அவ்வாறு விரிந்த கைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆண்டுதோறும் ஓரிரண்டு அங்குலம் கூடி வருவது எல்லா நாட்டுத் தூண்டிற்காரருக்கும் பொதுவான இயல்பு. தப்பிப் போன மீனுக்கோ எல்லையே இல்லை.

நீர்கொழும்பிலும் மன்னாரிலும் கடலோடிப் பிழைப்பவருக்கு மீனின் நிறை என்பது அடுப்பில் எரியும் நெருப்போடு தொடர்புடையது. இத்தனை இறாத்தல் என்றால் இத்தனை ரூபா, கணக்கு அவ்வளவே. ஆனால், விலையுயர்ந்த கோலும் நூலுருளையும் வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளை ஆற்றங்கரையிலே கழித்து, கிடைத்த மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் நீரிலேயே விட்டுவருகின்ற ஒருவருக்கு அந்த நிறையினால் ஆவது என்ன? அவர் அதை விற்கப்போவதில்லை. பல வேளைகளில் உண்ணப் போவதும் இல்லை. ஔவையார் பாட்டிலே வரும் கொக்கு பெரிய மீனுக்காகக் காத்திருந்ததற்குப் பசி என்னும் காரணம் இருந்தது. பசியில்லாத கொக்கு ஏன் காத்திருக்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தூண்டிற்காரரையே கேட்டால் பெரும்பாலோர் அளவு பெரிதல்ல என்றுதான் சொல்வர். விடியற்காலைக் காற்று, நீரின் சலசலப்பு, அலுவலகத்தை மறந்திருக்கும் சில மணி நேரம், நண்பனொருவனின் மௌனத் துணை ஆகியவற்றுக்காகவே வருவதாகக் கூறுவர். இது புதிய விடையன்று. 1653ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஐசாக் வோல்ற்றன் தூண்டிற்கலை பற்றித் தாம் வெளியிட்ட நூலுக்குச் 'சிந்தனையாளனின் பொழுதுபோக்கு' என்னும் பொருள்பட ஒரு துணைத் தலைப்பை இட்டார். அன்றுதொட்டு இன்றுவரை தூண்டிற்காரர் அந்தப் பெயருக்குரியவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவே விரும்புகின்றனர்.

அந்த விடை பொய்யன்று. ஆயினும் முழு உண்மையுமன்று. ஜெர்மனியைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ரொபேட் ஆர்லிங்ஹாஸ் அந்நாட்டுத் தூண்டிற்காரரிடம் இருவகையான கேள்விகளைக் கேட்டு, 2006ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார். எதற்காகத் தூண்டிலிடச் செல்கிறீர்கள் என்பது முதலாவது. எப்போது மனநிறைவு அடைகிறீர்கள் என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு அமைதி, இயற்கை, ஓய்வு என்று விடையளித்தவர்களும், இரண்டாவது கேள்வியிலே மீன் கிடைத்ததையும் கிடைக்காததையும் கொண்டே தம் நிறைவையும் குறையையும் அளந்தது தெரியவந்தது. அமைதியையும் பசுமையையும் நாடிச் சென்றவன் அவை இரண்டும் குறைவறக் கிடைத்த பின்னரும் வெறுங்கையோடு திரும்பும்போது முகம் வாடுகிறான் என்றால், அவன் மனத்தின் அடியிலே வேறொன்றும் இருந்தது என்பது தெளிவு. கோவிலுக்குச் செல்பவன் வழிபாட்டுக்காகவே செல்கிறான். ஆனாற் சர்க்கரைப் பொங்கல் முடிந்துவிட்டது என்று கேட்டால் அவனுக்குச் சிறிது வருத்தம் உண்டாகத்தான் செய்கிறது.

ஆகவே அளவு பொருட்டன்று என்னும் பேச்சை ஒருபுறம் வைத்துவிட்டு, அளவு எவ்வாறு பொருட்டாகிறது என்று பார்ப்பதே தக்கது.

ஸ்கொத்லாந்திலே டே என்னும் ஆறு சால்மன் மீனுக்குப் புகழ்பெற்றது. 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் மாலையிலே, ஜோர்ஜினா பலன்டைன் என்னும் பெண்மணி அவ்வாற்றின் கிளென்டெல்வைன் பகுதியிலே தந்தையார் படகு வலிக்கத் தூண்டிலிட்டார். பொழுது சாயும் வேளையிலே ஒரு மீன் கவ்வியது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, இருள் நன்கு கவிந்த பின்னரும், அது படகையும் அவரையும் ஆற்றின் போக்கிலே இழுத்துச் சென்றது. கரையேற்றி நிறுத்தபோது அதன் நிறை 64 இறாத்தல். பிரித்தானியாவில் தூண்டிலாற் பிடிக்கப்பட்ட சால்மன் மீன்களுள் இதனினும் பெரியதாகப் பதிவு பெற்றது ஒன்று நூறாண்டு கடந்த பின்னும் இல்லை. மீனைப் பேர்த் நகரத்து மருத்துவமனைக்கு அளித்துவிட்டனர். நோயாளரும் பணியாளரும் அதை உண்டனர். அதற்கு முன்னரே அதன் உருவைச் சாந்திலே வார்த்து எடுத்திருந்தனர்.

அந்த வார்ப்புக் கடையொன்றின் கண்ணாடிச் சாளரத்திலே வைக்கப்பட்டிருந்தபோது, முதியவர் இருவர் அதைப் பார்த்து, ஒரு பெண் இத்தகைய மீனைப் பிடித்திருக்கவே முடியாது என்று தமக்குள் பேசிக்கொண்டதாகவும், அவர்களின் பின்னே நின்று பலன்டைன் அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அப்பாற் சென்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. 64 இறாத்தல் என்னும் எண் இல்லையேல் அந்த முதியவர்களின் ஐயமே ஊரின் தீர்ப்பாக முடிந்திருக்கும். நீருக்கடியிலும் இருளிலும், காண்பார் எவருமின்றி நிகழ்ந்த ஒரு போராட்டத்திலே பிறர் ஏற்கக்கூடியதாக எஞ்சுவது தராசின் சொல் ஒன்றே. ஓட்டக்காரனுக்குக் கடிகாரம் உண்டு. பாடகனுக்குக் கேட்போர் உண்டு. தூண்டிற்காரனுக்குச் சான்று மீனின் உடல் மட்டுமே.

அந்தச் சான்றை எவ்வளவு நுணுக்கமாகப் போற்றுகின்றனர் என்பதற்கு அமெரிக்க நாட்டுக் கதையொன்று உண்டு. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், பொருளாதார மந்தத்தால் நாடு வாடியிருந்த காலம். ஜோர்ஜியா மாநிலத்துக் குடியானவரான ஜோர்ஜ் பெரி என்னும் இருபது வயது இளைஞர் மொன்ற்கொமரி ஏரியிலே பெருவாய்ப் பாஸ் என்னும் இன மீன் ஒன்றைப் பிடித்தார். அண்டையிலுள்ள ஹெலினா என்னும் சிற்றூரில் அதை நிறுத்தனர். 22 இறாத்தல் 4 அவுன்ஸ். நிறை ஏட்டிலே பதியப்பட்டது. மீன் வீட்டுச் சமையலறைக்குச் சென்றது. குடும்பம் அதை உண்டு முடித்தது. அவருக்கு அது அன்றைய உணவு. உலகத்துக்கோ அது ஓர் அழியாத எண்ணாயிற்று. அதன்பின் எத்தனையோ பேர் அவ்வெண்ணை வெல்வதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டனர்.

77 ஆண்டுகள் கழிந்தன. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஜப்பானிலே பிவா ஏரியில் மனபு குரிதா என்பவர் பிடித்த மீன் பெரியின் மீனை ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவான அளவால் விஞ்சி நின்றது. ஆயினும் அவர் வென்றவராக அறிவிக்கப்படவில்லை. 1939ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நிறுவப்பட்ட அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கமே இத்தகைய பதிவுகளைக் காப்பது. 25 இறாத்தலுக்குக் குறைந்த மீனாயின் பழைய பதிவை இரண்டு அவுன்சாவது மிஞ்சினாலன்றிப் புதியது வென்றதாகாது என்பது அச்சங்கத்தின் விதி. எனவே இருவரும் சமம் எனத் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்புக்கு முன் குரிதா பொய்யறியும் கருவியின் சோதனைக்கும் உட்பட வேண்டியிருந்தது. ஒரு மீனுக்காக இத்தனையா என்று நகைப்பதற்கு முன், தூண்டிற்காரரின் கைவிரிப்புக்கு உலகெங்கும் உள்ள நற்பெயரை எண்ணிப் பார்த்தால் விதி இவ்வளவு கடுமையாக இருப்பதன் காரணம் விளங்கும்.

ஆயினும் அளவு என்பது தனித்து நிற்கும் பொருளன்று. நுவரெலியாவின் ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியின் குளிர்நீரிலும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொணர்ந்து விட்ட ட்ரவுட் மீன்கள் வளர்ந்தன. ஒரு பாய்ச்சலிலே தாண்டிவிடக்கூடிய ஓடையில், மயிரிழைபோன்ற நூலும் இறகாற் செய்த செயற்கை ஈயும் கொண்டு பிடிக்கப்படும் ஓர் இறாத்தல் ட்ரவுட்டைப் பார்த்துக் கடற்கரைச் சிறுவன் சிரிக்கலாம். ஓடையை அறிந்தவன் சிரிக்கமாட்டான். அந்த நீருக்கு அது பெரிய மீன். அந்த நூலுக்கு அது மிகப் பெரிய மீன். இந்த நியாயத்தை முறைப்படுத்தி, நூலின் வலுவுக்கு ஏற்ப வெவ்வேறு வகுப்புகளாகப் பதிவுகளைப் பிரித்தனர். கலிபோர்னியாவுக்கு அப்பால் உள்ள கற்றலினாத் தீவிலே சார்ள்ஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பவர் 1898ஆம் ஆண்டில் 183 இறாத்தல் நிறையுள்ள சூரை மீனைக் கோலாலும் உருளையாலும் பிடித்து, அதே ஆண்டில் ஒரு கழகத்தையும் நிறுவினார். தடித்த கயிற்றை வீசிப் பெருமீன்களை இழுத்து அள்ளும் வழக்கம் அங்கே அப்போது இருந்தது. மீனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே கழகத்தின் கருத்து. மெல்லிய நூலாற் பிடித்த நூறு இறாத்தல், கயிற்றால் இழுத்த இருநூறு இறாத்தலைக் காட்டிலும் மேலானது என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

தூண்டிற்காரரின் மனம் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. அமெரிக்கரான ஹொப்சன் பிறயன் ட்ரவுட் பிடிப்போரைப் பற்றி 1977ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இத்துறையிலே அடிக்கடி எடுத்தாளப்படுவது. தொடக்கத்தில் ஏதேனும் ஒரு மீன் அகப்பட்டாற் போதும் என்றிருப்பவன், பழகப் பழக எண்ணிக்கையையும் பருமனையும் நாடுகிறான். பின்னர் எந்த முறையாற் பிடித்தான், எந்த நீரிலே பிடித்தான் என்பதே அவனுக்கு முதன்மையாகிறது. அளவின் மீதுள்ள வேட்கை ஒரு பருவம் என்று கொள்வது பொருந்தும். ஆனால் சிலர் அந்தப் பருவத்திலேயே வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகின்றனர். அத்தகையோர் எல்லோரும் அற்பரல்லர். அவர்களுள் ஒருவர் ஒரு கலையையே மாற்றியமைத்தார்.

அவர் றிச்சர்ட் வோக்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கார்ப் மீனின் பெரியவற்றைத் தூண்டிலாற் பிடித்தல் ஏறக்குறைய இயலாத செயல் என்றும், எப்போதாவது ஒன்று சிக்கினால் அது குருட்டு நல்வாய்ப்பு என்றும் அந்நாளிலே பலர் நம்பினர். வோக்கர் அதை ஏற்கவில்லை. மீன் எங்கே மேய்கிறது, எந்த வெப்பநிலையிலே இரை தேடுகிறது, எந்த ஒலிக்கு அஞ்சுகிறது என்று இரவிரவாகக் கவனித்தார். அதற்கென ஒரு பிளவுமூங்கிற் கோலை வடிவமைத்தார். இருளிலே மீன் இரையைத் தொட்டால் ஒலிக்கும் மின்கருவி ஒன்றையும் அமைத்தார். ஹெயர்போர்ட் கோட்டத்திலே ரெட்மயர் என்னும் சிறு குளம் உண்டு. 1934ஆம் ஆண்டிலே 50 கார்ப் குஞ்சுகள் அதில் விடப்பட்டிருந்தன. 1952ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் நாள் விடியுமுன் அக்குளத்திலே அவர் பிடித்த மீன் 44 இறாத்தல் நிறுத்தது. அதற்கு முன்னைய பதிவு 31¼ இறாத்தல். ஓர் அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் என்று ஏறிவந்த படிக்கட்டிலே இது ஒரு மாடியைத் தாண்டிய பாய்ச்சல்.

வோக்கர் அந்த மீனைக் கொல்லவில்லை. இலண்டன் விலங்கியற் சாலைக்குத் தொலைபேசியிற் சொல்லி, உயிரோடு ஒப்படைத்தார். அங்கே அது கிளறிசா என்னும் பெயரோடு 1971ஆம் ஆண்டுவரை கண்ணாடித் தொட்டியிலே வாழ்ந்தது. பெரிய மீன் பாடஞ்செய்யப்பட்டு மண்டபச் சுவரிலே தொங்குவதே மரபாக இருந்த நாட்டிலே, தன்னைப் பிடித்தவனின் புகழைத் தானே நீந்திக்கொண்டு காட்டிய மீன் அது. பெரியவற்றை உயிரோடு விடும் வழக்கம் இதன்பின் கார்ப் பிடிப்போரிடையே பரவியது. அதே ரெட்மயரிலே 1980ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் கிறிஸ் யேற்ஸ் பிடித்த 51½ இறாத்தல் கார்ப் நீருக்கே திரும்பியது. அவ்வழக்கத்துக்கு உயிரியலிலும் அரண் உண்டு. பெரிய தாய்மீன் தன் உடல் நிறைக்குரிய விகிதத்துக்கும் மேலாகவே முட்டையிடுகிறது என்பதைப் பல கடல்மீன் இனங்களைக் கொண்டு 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

ஆனால் வோக்கரின் வழியே வேறொரு விந்தைக்கும் வழி திறந்தது. விடப்பட்ட மீன் மீண்டும் பிடிபடுகிறது. இங்கிலாந்தின் குளங்களிலே பெருங்கார்ப் மீன்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டாயிற்று. செதிளின் அடையாளம் கண்டு, இது இன்ன மீன், சென்ற ஆண்டு இவ்வளவு நிறுத்தது என்று கூறுவர். கென்ற் கோட்டத்துக் கொனிங்புறூக் ஏரியில் இரு நிறமுடைய கார்ப் ஒன்று 2008ஆம் ஆண்டில் 67 இறாத்தல் 14 அவுன்ஸ் நிறுத்து நாட்டின் பதிவாயிற்று; 2010ஆம் ஆண்டில் அது இறந்தபோது தூண்டிற்காரர் கூடி அதை ஏரிக்கரையிலே புதைத்தனர். இந்த அன்பை எள்ளுதல் தகாது. ஆயினும் நிறையும் பெயரும் முன்னரே தெரிந்த மீனை வரிசையில் நின்று பிடிப்பதிலே, பலன்டைன் அம்மையார் இருளிலே படகில் இருந்தபோது நூலின் மறுமுனையில் யாதுள்ளது என்று அறியாமல் நடுங்கிய அந்த நடுக்கம் எங்ஙனம் இருக்கும்? எண் மிஞ்சியது, மறைபொருள் போயிற்று.

இனி, அளவு என்பது ஒருவரின் பெருமையோடு நில்லாமல், ஒரு மீனினத்தின் உயிரோடு தொடர்புபட்ட வரலாறு ஒன்றைக் காண்போம். அதற்கு இங்கிலாந்தை விட்டுக் காவிரிக் கரைக்கு வரவேண்டும்.

மகசீர் என்னும் பெருமீன் குலம் இந்திய ஆறுகளுக்குரியது. இலங்கையில் மகாவலி முதலிய கங்கைகளிலே லெகெல்லா எனச் சிங்களத்தில் வழங்கும் மீனும் இக்குலத்ததே. இதன் ஆற்றலை ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தவருள் முதன்மையானவர் சென்னை ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தோமஸ். 1873ஆம் ஆண்டிலே வெளியான இந்தியத் தூண்டிற்கலை பற்றிய நூலில், நிறைக்கு நிறை ஒப்பிட்டால் சால்மனையும் மகசீர் வெல்லும் என்று அவர் வாதிட்டார். காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் வாழ்ந்த மகசீர், முதுகு திமிலெனப் புடைத்த வேறொரு வகை. 1919ஆம் ஆண்டிலே ஆங்கிலப் படை அலுவலர் ஒருவர் காவிரியில் 119 இறாத்தல் மகசீரைப் பிடித்தார். 27 ஆண்டுகளின் பின், 1946ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், மைசூரிலே விலங்குகளைப் பாடஞ்செய்வதிற் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றிலே 120 இறாத்தல் மகசீரைப் பிடித்தார். ஓர் இறாத்தல் கூடுதல். அதுவே முடிந்த முடிவாக நிற்கிறது.

அதன்பின் அணைகளும், ஆற்றிலே வெடி வைத்து மீன் கொல்லும் கொடுமையும் பெருகவே, திமில் மகசீர் அற்றுப்போயிற்று என்றே வெளியுலகம் எண்ணியது. 1978ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து உலகைச் சுற்றித் தூண்டிலிட வந்த இளைஞர் மூவர் காவிரியிலே பெருமகசீர்களைப் பிடித்துக் காட்டியபோது அந்த எண்ணம் பொய்த்தது. பெங்களூரைச் சார்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றது. பீமேஸ்வரி, கலிபோரே முதலிய இடங்களிலே தூண்டிற்காரருக்கான பாசறைகள் எழுந்தன. முன்னர் வெடிவைத்தவர் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். கேழ்வரகு மாவைப் பிசைந்து அவித்த உருண்டையே இரை. பிடித்த மீனை நிறுத்து, படமெடுத்து, ஆற்றிலேயே விடவேண்டும் என்பது கட்டளை. நூறு இறாத்தல் மீன் ஒன்றைக் கையில் ஏந்திவிடவேண்டும் என்னும் ஆசையே தொலைநாடுகளிலிருந்து இவர்களை அழைத்து வந்தது. அந்த ஆசை கொணர்ந்த பணமே காவலருக்குச் சம்பளமாயிற்று. அளவின் மீதுள்ள வேட்கையைப் பழிப்போர் இதனையும் கணக்கிற் கொள்வது நன்று.

நன்மை செய்யும் எண்ணத்தோடு இன்னொன்றும் செய்தனர். மகாராட்டிரத்து லோனாவ்லாவிலே டாட்டா நிறுவனத்தார் நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேறோர் இனத்தின் குஞ்சுகளைச் செயற்கை முறையிலே பொரிக்கச் செய்தனர். அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைந்த ஆற்றிலே மகசீரை விடுவதில் என்ன தவறு என்றே அந்நாளில் யாவரும் எண்ணினர். விட்ட குஞ்சுகள் பெருகின. தூண்டில்கள் ஓயாது துடித்தன. ஆறு மீண்டும் உயிர்பெற்றது என்று மகிழ்ந்தனர்.

கலிபோரேப் பாசறையில், ஒவ்வொரு தூண்டிற்காரரும் எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார், எத்தனை மீன் பிடித்தார், ஒவ்வொன்றும் என்ன வகை, என்ன நிறை என்று ஏட்டிலே குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. பெருமைக்காக எழுதிய ஏடுகள் அவை. ஏட்றியன் பின்டர், ராஜீவ் ராகவன், றொபேட் பிறிற்றன் ஆகிய மூவர் 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது; சராசரி அளவு குறைந்திருந்தது. கூடியவை எல்லாம் நீலத்துடுப்பு இனமே. திமில் மகசீரின் வரிகளை மட்டும் பிரித்து நோக்கியபோது வேறொரு காட்சி தென்பட்டது. அவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு அருகி வந்தது. ஆனால் பிடிபட்டவற்றின் பருமன் கூடிக்கொண்டே சென்றது.

தூண்டிற்காரனின் கண்ணுக்கு இதைக் காட்டிலும் இனிய செய்தி வேறுண்டோ? மீன் அரிது; வந்தாலோ மிகப் பெரிது. ஆராய்ந்தவர் கண்ணுக்கு அது சாவோலை. பெரியவை மட்டுமே வருகின்றன என்றால் சிறியவை இல்லை என்பதே பொருள். குஞ்சு பொரித்து வளரும் தலைமுறை நின்றுபோக, முதியவை மட்டும் ஆண்டுதோறும் மேலும் முதிர்ந்து, மேலும் பருத்து, ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. குழந்தைகளே இல்லாத ஊரிலே சராசரி வயது ஏறுவதைப் போன்றது இது. அந்த ஏடுகளிலே எண்ணிக்கை மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் ஆறு செழித்தது என்றே முடிவு கட்டியிருப்பர். ஒவ்வொரு மீனின் நிறையையும் எழுதி வைத்த பெருமைக்குணமே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அவ்வரிகளை எழுதிய தூண்டிற்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த நாள் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நாளாகவே தோன்றியிருக்கும். பின்னர், வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துள் தூண்டிலிடுதல் நிறுத்தப்பட்டது. ஏட்டிலே எழுதுவாரும் இல்லாமற் போயினர்.

இதிலே இன்னொரு வியப்பும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக இறாத்தற் கணக்கிலே நிறுக்கப்பட்டும், படமெடுக்கப்பட்டும், நூல்களிலே புகழப்பட்டும் வந்த இந்தத் திமில் மீனுக்கு உறுதியான விஞ்ஞானப் பெயர் இருக்கவில்லை. பெயர் இல்லாத உயிரை ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலே சேர்க்க வழியுமில்லை. எத்தனை இறாத்தல் என்று கேட்டோர் பலர்; எது இது என்று கேட்டோர் சிலரே. அதைத் தேடிய ஆய்வாளர், காவிரியின் பேராற்றிலே ஏறக்குறைய மறைந்துவிட்ட அம்மீன், தமிழ் நாட்டிலே நீலகிரியின் வடபால் ஓடிப் பவானியோடு கலக்கும் மோயாற்றில் இன்னும் எஞ்சியிருப்பதைக் கண்டனர். அங்கே கிடைத்தவற்றின் உடலமைப்பையும் மரபணுவையும் முன்னர் விவரிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு, 2018ஆம் ஆண்டில் அதன் பெயரை நிலைநாட்டினர். தோர் ரமாதேவி என்பது அப்பெயர். அதே ஆண்டில் அது மிக அருகிவிட்ட உயிரினமாக அனைத்துலகப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது.

அந்தப் பெயர் புதிதாக இடப்பட்டதன்று. கேரளத்திலே, காவிரியின் கிளையான பாம்பாற்றிற் கிடைத்த சில சிறு மீன்களைக் கொண்டு சில ஆண்டுகளுக்கு முன்னரே இரு ஆய்வாளர் அதனை ஒரு தனி இனமாக விவரித்திருந்தனர். அவை வளராத குஞ்சுகள். எந்தத் தூண்டிற்காரனும் தராசிலே வைத்திருக்கமாட்டாத அந்தக் குஞ்சுகளுக்கும் 1946இலே கபினிக் கரையில் நிறுக்கப்பட்ட 120 இறாத்தல் மீனுக்கும் உறவு உண்டென்று அதுவரை எவரும் எண்ணியிருக்கவில்லை.